தங்கமீனோடு வேறு எந்த மீனை விடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொட்டியில் இரண்டு தங்கமீன் நீந்திக்கொண்டிருக்கும், நடுவில் இடம் காலியாகத் தெரியும். "இன்னும் கலர் கலராக நாலைந்து மீன் விட்டால் நன்றாக இருக்குமே" என்று தோன்றாதவர்கள் குறைவு. அந்த ஆசை வந்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். பாதிக்கு மேல் பதில்கள் 'வேண்டாம்' என்றுதான் இருக்கும். ஏன் வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

தங்கமீனுக்குத் துணை கட்டாயம் வேண்டுமா?

தனியாக இருந்தால் செத்துவிடாது. தனியாகவே பல வருடம் நன்றாக வாழ்ந்த தங்கமீன்கள் உண்டு. ஆனால் இது கெண்டை இனம், கூட்டமாக மேய்வதுதான் இயல்பு. பக்கத்தில் இன்னொரு தங்கமீன் இருந்தால் இரண்டும் சேர்ந்து அடிமணலைக் கிளறும், ஒன்று போகும் பக்கம் மற்றதும் போகும், ஓய்வெடுக்கும்போது ஒரே மூலையில் ஒட்டி நிற்கும். அதனால் துணை நல்லதுதான். மீனைக் கேட்டால் அந்தத் துணை இன்னொரு தங்கமீனாக இருந்தாலே போதும் என்று சொல்லும். வேறு இன மீன் வேண்டும் என்பது நம் கண்ணுக்கான ஆசை. அதில் தப்பில்லை. யாருக்காக வாங்குகிறோம் என்பது தெரிந்து வாங்கினால் சரி.

அப்படியென்றால் எந்தத் தங்கமீனையும் எந்தத் தங்கமீனோடும் விடலாமா?

கூடாது. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். எல்லாமே ஒரே இனம் என்றாலும் நூற்றாண்டுக் கணக்கில் மனிதர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் உடம்பு வாகு அடியோடு மாறிவிட்டது.

காமன், காமெட், ஷுபுன்கின் மூன்றும் நீள உடம்பும் ஒற்றை வாலும் கொண்டவை. வேகமாக நீந்துபவை, இடம் கிடைத்தால் 30 செ.மீ. வரைகூட வளர்பவை. ஃபேன்டெயில், ரியுகின், ஒரண்டா, பிளாக் மூர், ராஞ்சு, பேர்ல்ஸ்கேல் எல்லாம் உருண்டை உடம்பும் இரட்டை வாலும் கொண்டவை. இவை நீந்துவது ஒரு தள்ளாட்டம் மாதிரிதான் இருக்கும். ராஞ்சுவுக்கு முதுகுத் துடுப்பே கிடையாது.

இந்த இரண்டு வகையையும் சேர்த்து விட்டால் என்ன ஆகும் என்பதைத் தீனி போடும் நேரத்தில் பார்க்கலாம். பிளாக் மூரின் கண் வெளியே துருத்திக்கொண்டு பெரிதாக இருக்கும், ஆனால் பார்வை மந்தம். தீனி முகத்துக்கு நேராகவே விழுந்தாலும் உடனே பிடிக்காது. வாசனையை வைத்துத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பும், ஒரு கவ்வு தவறும், அடுத்த கவ்வில்தான் வாயில் சிக்கும். அதற்குள் காமெட் தொட்டியை ஒரு சுற்று சுற்றி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருக்கும். யாரும் யாரையும் கடிக்கவில்லை, சண்டையே இல்லை. ஆனாலும் சில மாதத்தில் ஒன்று கொழுத்திருக்கும், இன்னொன்று முதுகு ஒடுங்கி நிற்கும்.

ஆகவே நீள உடம்புக்கு நீள உடம்பு, உருண்டைக்கு உருண்டை. உருண்டை வகைக்குள்ளும் பபிள் ஐ, செலஸ்டியல் ஐ இரண்டையும் தனியாகப் பிரித்துவிடுவது நல்லது. பபிள் ஐ மீனின் கண்ணுக்குக் கீழே தொங்கும் நீர்ப்பை மெல்லிய தோல்தான். கூர்மையான கல்லில் உரசினாலே கிழியும். செலஸ்டியலின் கண் மேலே வானத்தைப் பார்த்தபடி இருக்கும், அதனால் எதிரே வருவதை அது சரியாகப் பார்ப்பதில்லை. இவற்றை இவை போன்ற மெதுவான, பார்வை குறைந்த மீன்களோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கலர் மீன்கள் எல்லாம் ஒரே தண்ணீரில்தானே வாழ்கின்றன? ஏன் சேர்க்கக் கூடாது?

தண்ணீர் ஒன்றுபோலத் தெரிந்தாலும் வெப்பநிலை வேறு. தங்கமீனுக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் சுகமானது. உருண்டை வகைகள் ஓரிரு டிகிரி கூடுதலாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். ஃபைட்டர், ஏஞ்சல் போன்ற வெப்பமண்டல மீன்கள் கேட்பது 25, 26, அதற்கும் மேல். "நடுவாக 24 வைத்துவிடலாமே" என்பார்கள். வைத்தால் ஃபைட்டர் சோர்ந்து மூலையில் கிடக்கும். தங்கமீனுக்கோ வளர்சிதை மாற்றம் வேகமாகும், பசி கூடும், கழிவு கூடும், மூச்சும் அதிகம் தேவைப்படும். ஆனால் சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். 20 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும் என்றால், 30 டிகிரியில் அது 7.5 அளவுக்கு இறங்கிவிடும். தேவை ஏறும் நேரத்தில் வரத்து குறைகிறது.

எங்கள் வீட்டுத் தண்ணீரே 28 டிகிரி இருக்கிறது. அப்போது சேர்க்கலாம் இல்லையா?

நல்ல கேள்வி. ஏர் பம்ப் நன்றாக ஓடி, தொட்டியும் பெரிதாக இருந்தால் தங்கமீன் அந்தச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் வெப்பநிலை ஒரு தடை மட்டும்தான். அது விலகினாலும் வாயளவு, வேகம், துடுப்பைக் கடிக்கும் குணம், கழிவு எல்லாம் அப்படியே இருக்கின்றன. சொல்லப்போனால் சூடான தொட்டியில் ஆக்சிஜன் ஏற்கெனவே இழுபறி. அங்கே கூடுதல் மீன் விடுவதை இன்னும் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

கப்பி, மோலி, நியான் டெட்ரா?

தங்கமீன் சாதுதான், ஆனால் வாய்க்குள் நுழையும் எதையும் அது தீனியாகத்தான் பார்க்கும். கப்பியும் நியானும் அந்த அளவுதான். குட்டித் தங்கமீனோடு விட்டு, "ஆறு மாதமாக ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. தங்கமீன் வளர வளர கப்பி ஒவ்வொன்றாகக் குறையும். காலையில் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். நியானுக்கு மென்மையான, சற்றே அமிலத் தன்மையுள்ள நீர் பிடிக்கும். தங்கமீனுக்குக் கொஞ்சம் கடினமான நீர் ஏற்றது. அங்கேயும் பொருத்தம் இல்லை. மோலி உடம்பளவில் தப்பிவிடும், ஆனால் சூடான நீர் கேட்கும். மெதுவாக நீந்தும் மீனின் உடம்பைக் கொத்திப் பார்க்கும் பழக்கமும் சில மோலிகளுக்கு உண்டு.

ஏஞ்சல், டைகர் பார்ப், சிக்லிட் வகைகள்?

வேண்டாம். டைகர் பார்ப் நீண்ட துடுப்பைக் கண்டால் விடாது. ஒரண்டாவின் வால் ஒரு வாரத்தில் கந்தலாகிவிடும். சிக்லிட்டுகள் எல்லை பிடித்து அடிக்கும். ஆஸ்கார் என்ற பெரிய சிக்லிட்டுக்குத் தங்கமீன் இரைதான். 'ஷார்க்' என்ற பெயரில் விரலளவில் விற்கப்படும் வெள்ளி நிற மீன் உண்மையில் ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய கெளுத்தி வகை. எந்த வீட்டுத் தொட்டியிலும் அதற்கு இடம் இல்லை.

டேங்க் கிளீனர் ஒன்று போட்டால் தொட்டி சுத்தமாக இருக்குமே?

அதிகம் கேட்கப்படுவதும், அதிகத் தங்கமீன்களை நோகடிப்பதும் இந்த யோசனைதான். டேங்க் கிளீனர், சக்கர் என்ற பெயர்களில் கிடைக்கும் சாதாரண பிளெக்கோ 30 செ.மீ.க்கு மேல் வளரும் மீன். அதுவும் சாப்பிட்டுக் கழிவு போடும், அதுவும் கொஞ்ச நஞ்சமல்ல. கண்ணாடியில் படிந்த பாசியைக் கொஞ்சம் தின்னும். தங்கமீனின் கழிவை எந்த மீனும் தின்னாது. அதை எடுக்க வேண்டியது நீங்களும் ஃபில்டரும்தான்.

பெரிய சிக்கல் ராத்திரியில் நடக்கும். பிளெக்கோ விளக்கை அணைத்த பிறகுதான் சுறுசுறுப்பாகும். தங்கமீனோ அந்த நேரத்தில் அசையாமல் நிற்கும். தங்கமீனின் உடம்பை மூடியிருக்கும் வழுவழுப்பான சளிப்படலம் சத்துள்ளது, பிளெக்கோ ஒருமுறை ருசி கண்டுவிட்டால் மறுபடி வரும். காலையில் பார்த்தால் விலாப்பக்கத்தில் செதில் மங்கி, வட்டமாகச் சிவந்த அடையாளம் தெரியும். அந்தச் சளிப்படலம்தான் கிருமிகளைத் தடுக்கும் முதல் அரண். அது போன இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறும். சைனீஸ் ஆல்கே ஈட்டர் என்ற மீனும் வளர்ந்த பிறகு இதே வேலையைச் செய்யும், கூடுதலாக முரட்டுத்தனமும் உண்டு.

மூக்கில் முள் முள்ளாக இருக்கும் பிரிஸ்டில்நோஸ் பிளெக்கோ சின்னது, ஏறத்தாழ 12 செ.மீ. நீளத்தோடு நின்றுவிடும். அதற்குத் தனியாகப் போதுமான காய்கறி, பாசித் தீனி, ஒளிந்துகொள்ள மரக்கட்டை எல்லாம் கொடுத்து உருண்டை வகைத் தங்கமீனோடு 22-23 டிகிரியில் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் சுத்தம் செய்வதற்காக வாங்குகிறீர்கள் என்றால், ஒரு ஸ்பாஞ்சும் தண்ணீர் மாற்றும் குழாயும் அதைவிட நன்றாக வேலை செய்யும்.

கோரிடோராஸ் சாதுவான மீன் ஆயிற்றே, அது பரவாயில்லையா?

சாதுதான். ஆபத்து அதன் முள்ளில் இருக்கிறது. கோரிடோராஸின் முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் முன்பக்கம் கெட்டியான முள் உண்டு. பயந்தால் அதை விரித்துப் பூட்டிக்கொள்ளும். பூட்டிய முள் எளிதில் மடங்காது. அடிமணலில் மேயும் தங்கமீன், அங்கே கிடக்கும் எதையும் வாயில் போட்டு மென்று பார்த்துத் துப்பும் பழக்கம் கொண்டது. சின்ன கோரிடோராஸ் ஒன்று அப்படி வாய்க்குள் போனால் முள் விரியும். தங்கமீனால் விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. பெரும்பாலும் இரண்டுமே சாகும். ஓட்டோசின்க்லஸ் என்ற சின்னப் பாசி தின்னி மீனாலும் இதே விபத்து நடக்கும். முள் உள்ள குட்டி மீன்களைத் தங்கமீன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

சரி, எதைத்தான் விடலாம்? எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்' என்றால் எப்படி?

நியாயம்தான். பட்டியல் குட்டையானது, ஆனால் இருக்கிறது.

என் முதல் தேர்வு வெதர் லோச். டோஜோ லோச் என்றும் சொல்வார்கள். ஆரல் மீனின் சாயலில் நீளமாக, வாயைச் சுற்றி மீசை வைத்த மீன். 10 டிகிரியிலிருந்து 25 வரை சமாளிக்கும், ஒரு சாண் நீளம் வளரும், தங்கமீனின் வாய்க்குள் போகாது, யாரையும் கடிக்காது. பகலில் மணலுக்குள் புதைந்து தலையை மட்டும் வெளியே நீட்டிக் கிடக்கும். தீனி விழுந்த வாசனை வந்ததும் மணல் ஓரிடத்தில் குமிழும், மீசை முதலில் வெளியே வரும், பிறகுதான் மீன். காற்றழுத்தம் மாறும்போது நிலைகொள்ளாமல் மேலும் கீழும் ஓடும், பெயர் வந்ததும் அதனால்தான். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடல் வழியாகச் சுவாசிக்கும் திறனும் உண்டு.

ஆனால் நிபந்தனைகள் இருக்கின்றன. ஒன்றே ஒன்று மட்டும் வாங்காதீர்கள், குறைந்தது மூன்று வேண்டும். அடியில் மென்மையான மணல் வேண்டும், கூரிய சரளைக் கல்லில் வயிறு கிழியும். மூடி கட்டாயம். ஃபில்டர் குழாய் போகும் விரல் இடைவெளி கிடைத்தாலும் வெளியே வந்துவிடும், காலையில் தரையில்தான் எடுக்க வேண்டியிருக்கும். தங்கமீன் எல்லாவற்றையும் முந்திக்கொள்வதால், விளக்கு அணைத்த பிறகு இவற்றுக்கென்று அடியில் மூழ்கும் தீனி கொஞ்சம் போட வேண்டும்.

அடுத்தது ஒயிட் கிளவுட் மவுண்டன் மின்னோ. தென்சீனத்து மலையோடைகளில் வாழ்ந்த மீன் என்பதால் குளிர்ந்த நீர் இதற்கும் பிடிக்கும். வேகமானது, துடுப்பைக் கடிக்காது, கூட்டமாக விட்டால் பார்க்க அழகு. ஆனால் வளர்ந்தாலும் 4 செ.மீ.தான். மெதுவான உருண்டைத் தங்கமீன்களிடமிருந்து பெரும்பாலும் தப்பிவிடும், பெரிய காமெட்டிடம் தப்பாது. ஒன்றிரண்டு காணாமல் போகலாம் என்பதை ஏற்றுக்கொண்டு வாங்குவதாக இருந்தால் மட்டும் பாருங்கள்.

ரோஸி பார்ப் இதற்கு நேர்மாறு. வாய்க்குள் போகாத அளவு, குளிர்ந்த நீரும் ஒத்துவரும். ஆனால் சுறுசுறுப்பு அதிகம், சில சமயம் வாலைக் கொத்தும். ஆறுக்குமேல் கூட்டமாக விட்டால் தங்களுக்குள்ளேயே விளையாடிக்கொள்ளும். பெரிய தொட்டியில் காமெட், ஷுபுன்கினோடு சரிவரும். நீண்ட வால் உள்ள உருண்டை வகைகளோடு வேண்டாம்.

நத்தை, இறால்?

செர்ரி இறால் விட்டால் விலை உயர்ந்த தீனி போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நண்டுகளும் கிரேஃபிஷும் தலைகீழ் கதை: அவை தூங்கும் தங்கமீனின் வாலைப் பிடித்துக் கிழிக்கும்.

நத்தையில் நெரைட் நல்ல தேர்வு. ஓடு கெட்டி, பாசியைத் தின்னும், நன்னீரில் முட்டை பொரிக்காது என்பதால் பெருகித் தொல்லை தராது. ஆனால் நன்கு வளர்ந்ததையே வாங்குங்கள், பொடி நத்தை பெரிய தங்கமீனின் வாயில் சிக்கிக்கொள்ளலாம். மிஸ்டரி நத்தையை விழுங்க முடியாவிட்டாலும் அதன் உணர்கொம்புகளைத் தங்கமீன் கொத்திக்கொண்டே இருக்கும். நத்தை பயந்து ஓட்டுக்குள்ளேயே நாள்கணக்கில் அடைந்து கிடப்பதைப் பார்த்தால் எடுத்துவிடுங்கள். செடிகளோடு ஒட்டி வரும் குட்டி நத்தைகளைப் பற்றிக் கவலை வேண்டாம், தங்கமீன் பார்த்துக்கொள்ளும்.

கோய் மீனோடு சேர்க்கலாமா?

தொட்டியில் கூடாது, வெளிக்குளத்தில் சேர்க்கலாம். கோய் என்பது குளங்களில் வளர்க்கும் அலங்காரக் கெண்டை, 60 செ.மீ.யைத் தாண்டும். குளத்தில் காமன், காமெட், ஷுபுன்கின் அதற்கு ஈடுகொடுத்து நீந்தும். ஒரண்டாவும் ராஞ்சுவும் பட்டினி கிடக்கும்.

எல்லாம் சரி, எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

இதை முதல் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டும், யாரும் கேட்பதில்லை. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேராகக் குடலில் இறங்கி வெளியேறும், அதனால் எப்போதும் மேய்ந்துகொண்டே இருக்கும், கழிவும் அதிகம். அந்தக் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் வரும் அம்மோனியாதான் தொட்டி மீன்களின் முதல் எதிரி.

உருண்டை வகை என்றால் முதல் மீனுக்கு 75 லிட்டர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 40 லிட்டர் என்று ஒரு பொதுக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். நீள உடம்பு வகைக்கு 200 லிட்டருக்கு மேல், முடிந்தால் குளம். துணை மீன் இந்தக் கணக்குக்கு மேல்தான் வரும். இரண்டு ஒரண்டாவும் மூன்று லோச்சும் என்றால் 200 லிட்டருக்குக் குறைவாக நான் சொல்லமாட்டேன். கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரே ஒரு தங்கமீன் வைத்திருப்பவர் துணை தேடுவதற்கு முன் கிண்ணத்தை மாற்ற வேண்டும்.

புதுத் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். சோதனைக் கிட் வாங்கிப் பாருங்கள்: அம்மோனியா 0, நைட்ரைட் 0 என்று நிலையாகக் காட்டாத தொட்டியில் புது மீன் எதையும் சேர்க்காதீர்கள்.

புது மீனை வாங்கி வந்ததும் நேராகத் தொட்டியில் விடலாமா?

தனித் தொட்டியில் ஒரு மாதம் வைத்துப் பார்த்த பிறகு விடுங்கள். வெண்புள்ளி நோய், செவுள் புழு, நங்கூரப் புழு எல்லாம் பெரும்பாலும் புது மீனோடுதான் உள்ளே வருகின்றன. "ஒரு வாரம் வைத்தேன், நன்றாகத்தான் இருந்தது" என்பது போதாது. வெண்புள்ளி ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி 25 டிகிரியில் சில நாட்களில் முடியும். குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் இழுக்கும். தங்கமீன் தொட்டி குளிர்ந்த நீர்த் தொட்டி என்பதால் காத்திருப்பும் நீளம்.

வாங்கும்போதே யோசிக்க வேண்டிய இன்னொன்று: நாளைக்கு நோய் வந்தால் மருந்து எல்லோருக்கும் ஒத்துவருமா? லிட்டருக்கு 3 கிராம் உப்பைத் தங்கமீன் தாங்கும். லோச், பிளெக்கோ போன்றவை அவ்வளவாகத் தாங்காது. செம்பு கலந்த மருந்து நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும். கலப்புத் தொட்டி வைத்தால் நோயாளியைத் தனியே எடுத்து வைக்க ஒரு சின்னத் தொட்டி கைவசம் இருக்கட்டும்.

புது மீனை விட்டதிலிருந்து பழைய மீன் அதைத் துரத்துகிறது. சண்டையா?

தங்கமீன்களுக்குள் என்றால் பெரும்பாலும் இல்லை. தீனி நேரத்து இடிபாடு ஓரிரு நாளில் அடங்கும். விடாமல் பின்னாலேயே போய் வயிற்றுப் பக்கம் முட்டினால், துரத்துகிற மீனின் செவுள் மூடியையும் மார்புத் துடுப்பின் முன் ஓரத்தையும் பாருங்கள். உப்புக்கல் தூவியது போல வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது ஆண். இனப்பெருக்கக் காலம் வந்திருக்கிறது. இதை வெண்புள்ளி நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுபவர்கள் நிறைய. நோய்ப் புள்ளி உடம்பெங்கும் வால்வரை சிதறிக் கிடக்கும், மீனும் எதிலாவது உரசிக்கொண்டே இருக்கும். ஒரே பெண் மீனை இரண்டு மூன்று ஆண்கள் விரட்டி அது களைத்துப்போனால், சில நாள் தடுப்பு வைத்துப் பிரித்துவிடுங்கள்.

ஆமையோடு?

ஆமை தின்றுவிடும். தின்பது ஆமைக்கும் நல்லதில்லை: தங்கமீனின் உடம்பில் உள்ள தயமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும், அடிக்கடி தின்றால் ஆமைக்கு அந்தச் சத்துக் குறைவு வரும்.

வாங்கியது ஒத்துவரவில்லை. பக்கத்து ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடலாமா?

எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. தங்கமீன் பல நாடுகளின் நீர்நிலைகளில் இப்படித்தான் பெருகியது. அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்கும், நீர்ச்செடிகளைப் பிடுங்கும், அங்கே உள்ள மீன்களின் முட்டையைத் தின்னும். பிளெக்கோ கரையில் வளை தோண்டிக் கரையையே சரிக்கும். வாங்கிய கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கும்போதே கேட்டுவையுங்கள். இல்லையென்றால் மீன் வளர்க்கும் வேறு யாரிடமாவது, அந்த மீனுக்கு ஏற்ற தொட்டி இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். ஆள் கிடைக்கும்வரை நடுவில் தடுப்புக் கண்ணாடி வைத்து இரண்டையும் பிரித்து வைக்கலாம்.